பெஞ்சில் இருந்தவளின் பெயர்

“நீ பேசியதை ரேடியோவில் கேட்டேன். தொண்டை கட்டியிருந்தது. மிளகு ரசம் வைத்துக் குடி.” 2010 பிப்ரவரியில் திருச்சியிலிருந்து அம்மா எழுதிய இன்லாண்ட் லெட்டரில் இருந்த வரிகள் இவை. அந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது உண்மை. ஆனால் போர்ட் பிளேர் வானொலியின் மாலை ஒலிபரப்பு வங்கக்கடலைத் தாண்டித் திருச்சிவரை போகுமா? நிலையத்தில் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வங்காளி, தாஸ் தாவிடம், அதாவது தாஸ் அண்ணனிடம், கேட்டேன். “மெயின்லேண்ட் தக் கஹான் ஜாயேகா, தீதி?” என்று சிரித்தார். அவ்வளவு தூரம் எங்கே போகப்போகிறது, அக்கா, என்று அர்த்தம்.

கணவருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை கிடைத்து 2006இல் இங்கே வந்தோம். வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது டாலிகஞ்ச் மளிகைக்கடையின் ரேடியோதான். எந்த ஜஹாஸ், அதாவது கப்பல், எந்தத் தீவுக்கு எப்போது புறப்படும் என்று அது வாசிக்கத் தொடங்கினால், அரிசி நிறுப்பவர்கூடக் கையை நிறுத்திவிடுவார். திருச்சியில் பாட்டுக்காக ரேடியோ வைப்போம். இங்கே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வைக்கிறார்கள்.

திருச்சியில் நான் கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் ஆடியவள். முழங்கால் போனதோடு ஆட்டம் போயிற்று. பள்ளிகளுக்கிடையிலான போட்டியை வர்ணிக்க ஆட்டம் தெரிந்த ஆள் தேவை என்று நிலையத்தார் தேடியபோது போய் நின்றேன். என் இந்தி சுமார்தான். ஆனால் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் ஆளுக்கொரு விதமாகப் பேசும் இந்தத் தீவு இந்தியில் யாரும் யாரையும் திருத்துவதில்லை. எங்கள் கல்லூரி கோச் எங்களைச் சட்டை எண்ணால்தான் கூப்பிடுவார். ஓட்டத்தில் பெயர் சொல்ல நேரமிருக்காது என்பார். அந்தப் பழக்கத்தை அப்படியே மைக்குக்குக் கொண்டுவந்தேன். நாலு ஏழுக்குக் கொடுத்தாள், ஏழு எறிந்தாள். அந்த வேகத்தில் எனக்குப் பெருமைகூட உண்டு.

அம்மா அந்தக் கடிதம் எழுதிய வருடம், லீக் ஆட்டங்கள் முடிந்த மறுநாள், மைதானத்து வாசலில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். பெயர் முருகையா. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி, தெற்கே கட்சால் தீவில் அரசு ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். மகள் யோகேஸ்வரி போர்ட் பிளேரில் விடுதியில் தங்கிப் படித்தாள். என் ‘ஏழு’ அவள்தான்.

“ரேடியோவுல பேசுறது நீங்கதான தங்கச்சி? நாலு, ஏழுன்னா நம்ம புள்ள எதுன்னு வீட்டுல அதுக்கு எப்படித் தெரியும்?” ‘அது’ என்றது அவர் மனைவியை.

“ஏழுதான் அண்ணே. நல்லா ஆடுறா.”

“ஆடட்டும். நீங்க பேரச் சொல்லுங்க. சுனாமியப்ப புள்ள ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். ரிலீஃப் ஜஹாஸு இத மட்டும் இங்க கொண்டாந்துருச்சி. செத்தவங்கள நம்பராத்தான் சொன்னாங்க தங்கச்சி. உசுரோட இருக்கவங்களத்தான் ரேடியோவுல பேரு சொல்லி வாசிச்சாங்க. புள்ள பேரு கேட்டப்பறம்தான் அது ஒரு வாய் கஞ்சி குடிச்சிச்சி.”

கையிலிருந்த ஆட்டக்குறிப்பில் ஏழுக்குப் பக்கத்தில் யோகேஸ்வரி என்று எழுதினேன்.

“இப்ப, ஃபைனல்ல பேரு கேக்கலேன்னா அடுத்த ஜஹாஸுல புள்ளய கூட்டியாந்துருன்னு சொல்லிருச்சி. ஆஸ்டலும் வேணாமாம், பந்தும் வேணாமாம்.”

“ஃபைனலுக்கு இருந்து பாத்துட்டுப் போங்களேன்.”

“எங்க? நாளைக்கே ஜஹாஸு. அங்கயும் ரேடியோ ஒரு நாளு கேக்கும், ஒரு நாளு கொரகொரன்னும். நீங்க சொல்லிருங்க.”

இறுதி ஆட்டத்தன்று யோகேஸ்வரி களத்தில் இல்லை. எதிரணியில் உயரமான பெண்கள். அவள் அணியின் கோச் அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். களத்தில் இல்லாதவள் பெயரை வர்ணனையில் சொல்வது வழக்கமில்லை. இருந்தும் தொடக்கத்தில் இரண்டு அணிப் பெண்களையும், பெஞ்சில் இருந்தவர்களையும் சேர்த்து, தகப்பன் பெயரோடும் தீவின் பெயரோடும் வாசித்தேன். “யோகேஸ்வரி, பிதா முருகையா, கட்சால்.” நிவாரண முகாம்களின் பட்டியல்களை அப்படித்தான் வாசித்தார்கள் என்று பிறகு தாஸ் தா சொன்னார். அன்றைக்கு அவர் சுருக்கச் சொல்லி விரல்களால் கத்தரி காட்டினார்.

ஒரு முறை போதுமா? அந்த நேரம் பார்த்து அங்கே கொரகொரத்திருந்தால்? கட்டிய தொண்டையோடு, பந்து வெளியே போன இடைவெளிகளில் எல்லாம் பெஞ்சுக்குப் போனேன். யோகேஸ்வரி தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாள். யோகேஸ்வரி துண்டை மடிக்கிறாள். யோகேஸ்வரி எழுந்து நின்று கத்துகிறாள். இடைவேளையில் மைக்கை மூடியதும் தாஸ் தா சொன்னார்: “மேட்ச் உதர் ஹை, தீதி.” ஆட்டம் அந்தப் பக்கமல்லவா நடக்கிறது.

“இதர் பீ ஹை, தா,” என்றேன். இந்தப் பக்கமும்தான்.

அவள் அணி தோற்றது. கடைசிவரை அவளைக் களத்தில் இறக்கவில்லை.

அடுத்த கப்பல் வந்தது; முருகையா வரவில்லை. மைதானத்தில் யோகேஸ்வரியைப் பிடித்துக் கேட்டேன்.

“அம்மா போன் பண்ணுச்சிக்கா. ரேடியோ கேட்டுச்சாம். நான் ரொம்ப நல்லா ஆடுனேனாம்.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமாம்மான்னேன்,” என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடினாள்.

அதன் பிறகு கால்பந்து, வாலிபால், கபடி என்று எத்தனையோ ஆட்டங்களை வர்ணித்துவிட்டேன். யாரையும் வெறும் எண்ணாகச் சொன்னதில்லை. மைக் முன்னால் உட்காரும்போது எந்தப் பக்கம் திரும்பிப் பேசுவது என்று இன்னமும் ஒரு கணம் தடுமாறுகிறேன். மேற்கே கடலுக்கு அப்பால் திருச்சியில் ஓர் அம்மா, தெற்கே கட்சாலில் ஓர் அம்மா. அன்று மாலை என் குரல் இந்த இருவரில் ஒருவரையாவது எட்டியதா என்பதை அவர்களிடம் கேட்டு நான் இதுவரை சரிபார்க்கவில்லை.