சவுரிராயன் வாசல் கொழுக்கட்டைப்புல்

பொக்லைனை நிறுத்திவிட்டு இறங்குகிறார் சவுரிராயன். தோண்டிப்போட்ட மண்ணில் கிடக்கும் புல் கொத்தொன்றை வேர்மண்ணோடு தூக்கி, ஈரச்சாக்கில் சுற்றி, இருக்கைக்குப் பின்னால் வைக்கிறார்.

"இன்னாண்ணே, மாடு வாங்கிட்டியா?" என்கிறார் மேஸ்திரி.

"இல்ல, உன்னத்தான் புடிச்சிக்கினு போயி கட்டலாம்னு இருக்கேன்."

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே காட்டைச் சமன் செய்து மனை போட்டுத் தருவதுதான் அவர் பிழைப்பு. பகலில் அழித்ததில் ஒரு கொத்தாவது மாலையில் அவர் வாசலுக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் எல்லா வாசலும் சிமெண்ட். அவர் வாசலில் மட்டும் வழிக்கு இருபுறமும் இடுப்பளவு கொழுக்கட்டைப்புல். வேர்பிடிக்கும்வரைதான் தண்ணீர். கோடையில் வைக்கோலாகக் காய்ந்ததும் ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டுச் சும்மா இருப்பார். மழை பெய்ததும் நடுவிலிருந்து பச்சை எழும்பும். பிறகு பூனைவால் போல ஊதாக் கதிர்கள். சிட்டுகள் அதில் தொங்கினால், பைக் இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார்.

மனைவி இளவரசிக்கு இதெல்லாம் பேஜார். மகளுக்கு நிச்சயம் என்றதும் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு குடுக்குற ஊடாய்யா இது? புதரு! வாரிப் போட்டுட்டு சிமெண்ட் போடு."

"கதிரு முத்திக்கினு இருக்குதுடி. உதிரட்டும்."

"சரி. மாப்ள ஊட்டுக்காரங்க ஒரு வார்த்த கொற சொல்லட்டும், மறுநாளே நீயே உன் மிஷினால வாரிடணும்."

தலையாட்டிவிட்டார். அதன்பிறகு அந்த வாரம் முழுக்க முகத்தில் களையே இல்லை.

வளவனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். நாற்காலி போட நானும் நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா ஆரோக்கியராஜ் புல்லை உரசிக்கொண்டு உள்ளே வந்தார். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார்: வெள்ளை வேட்டி முழுக்கப் புசுபுசுவென்று விதை.

"இன்னா சம்பந்தி, வேட்டிக்கு ஜரிகை பத்தலன்னு ஒட்டி உட்டுட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. இளவரசி சிரிக்கவில்லை, கணவரையே முறைத்தார்.

ஆரோக்கியராஜ் ஒரு விதையைக் கிள்ளி வாசல் பக்கம் எறியப் போனார். அதற்குள் சவுரிராயன் எழுந்து வந்து, இரண்டு கைகளையும் குவித்து அவர் விரலுக்கு அடியில் நீட்டினார்.

"இதுல போடுங்க சம்பந்தி. நல்லா முத்துன வெத."

ஆரோக்கியராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேட்டியை மடிமேல் விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட ஆரம்பித்தார்.

"எங்க ஊட்டாண்ட வெறும் தரையா கெடக்குது. அங்க வருமா இது?"

இளவரசி விருட்டென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். கணவரின் குவிந்த கைகளுக்குக் கீழே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.