லாக் அனுப்புங்கள், பொறுத்திருங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் முதலில் காதில் விழுகிற வாசகம் ஒன்றுதான்: “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது.” இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த சக தொழிலாளிகளுக்கும், இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கம்ப்யூட்டர் சொந்தக்காரர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருஷங்கள் அவை. திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே வைரஸும் வந்தது. கரமனையில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் நானும் பிஜுவும் வேலை பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பார்மட். அதாவது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அதுவும் முடியாமல் முழித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அந்த ஃபோரம் கண்ணில் பட்டது.

யாரும் திரும்பிப் பார்க்காத கேள்வி

சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்துவந்த திருநெல்வேலி அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் அது. திறந்தால் சூதாட்ட விளம்பரம். அதை மூடினால் அதைவிட மோசமான விளம்பரம். கடைக்குள் என்னைப் போலப் பெண்கள் யாராவது வந்தால் அண்ணாச்சி தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் திரைமேல் போட்டுவிடுவார். பார்மட் செய்யவும் வழியில்லை. வியாபாரம் முழுக்க ஒரு பழைய சாப்ட்வேரில் இருந்தது; அதை எழுதிக்கொடுத்தவர் துபாய்க்குப் போய்விட்டார்; திரும்பப் போட சி.டி.யும் இல்லை.

தேடிப் பார்த்ததில், வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்களுக்கு உதவுவதற்கென்றே சிலர் சேர்ந்து நடத்துகிற இணைய ஃபோரம் ஒன்று கிடைத்தது. ‘அவசரம், உதவுங்கள்’ என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டேன். பதில் இல்லை. ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று அதற்குக் கீழேயே இன்னொன்று போட்டேன். அதற்கும் இல்லை. மறுநாள் நிதானமாக விதிமுறைகளைப் படித்தபோதுதான் விளங்கியது. அங்கே உதவுகிறவர்கள், பதிலே விழாத கேள்விகளாகப் பார்த்துத்தான் கையில் எடுக்கிறார்கள். எனக்கு நானே பதில் போட்டுக்கொண்டதில், வேறு யாரோ கவனித்துவிட்டார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள்! அவர்கள் சொல்லியிருந்த சிறு புரோகிராமை ஓட்டினேன். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன ஓடுகிறது என்று அது கக்குகிற நீளமான பட்டியலுக்குத்தான் லாக் என்று பெயர். அதை அப்படியே ஒட்டி, ஒழுங்காகக் கேட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஒருவர் வந்தார். ‘கிழட்டு ஆந்தை’ என்று புனைபெயர். எங்களுக்கு வெறும் எழுத்துக் குப்பையாகத் தெரிந்த அந்தப் பட்டியலில், இந்த வரி திருடன், இந்த வரி அவனுக்குக் கதவு திறந்துவிடுகிறவன் என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். இதை நீக்குங்கள், புது லாக் அனுப்புங்கள், பொறுத்திருங்கள் என்பார். அனுப்பினால் அடுத்தது சொல்வார். விளம்பரம் நின்றது. அண்ணாச்சியால் நம்ப முடியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஆள் எந்த ஊர், என்ன கூலி என்று கேட்டார். ஊர் தெரியாது, கூலி வாங்க மாட்டார், இவரைப் போலப் பலர் தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் இதைச் செய்கிறார்கள் என்றேன். அண்ணாச்சி வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “கூலி வாங்காம ஊரு உலகத்து மெஷினையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தா, அவரு பொண்டாட்டி எப்படித் தாயி சோறு போடுதா?”

அடுத்தவர் மருந்து

அந்த ஃபோரத்தில் ஒவ்வொரு பதிலின் தலையிலும் ஒரு எச்சரிக்கை இருக்கும்: ‘இந்த வழிமுறை இந்த ஒருவருடைய கம்ப்யூட்டருக்கு மட்டும்.’ சிகரெட் பெட்டி எச்சரிக்கையைப் படிப்பதுபோல் பிஜு அதைப் படித்தான். தம்பானூரில் ஒரு டிராவல் ஏஜென்சியின் கம்ப்யூட்டரில் விளம்பரம் குதித்தபோது, அதே விளம்பரத்துக்காக யாரோ ஒருவருக்குக் கொடுத்திருந்த வழிமுறையை அப்படியே செய்துவிட்டான். விளம்பரம் போயிற்று. கூடவே இன்டர்நெட்டும் போயிற்று. வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்கள் டிக்கெட்டுக்காகப் பெட்டியும் அப்பாவுமாக அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடி, நடந்ததை மறைக்காமல் எழுதினோம். இந்த முறை எடுத்தவர் ஒரு பெண். இன்டர்நெட் போகிற சங்கிலியில் அந்த விளம்பரப் புரோகிராம் ஒரு கண்ணியாக உட்கார்ந்திருந்தது. கண்ணியை வெட்டியதில் சங்கிலியே அறுந்துவிட்டது என்று விளக்கி, அதை மறுபடி கோக்கிற சின்னக் கருவி ஒன்றையும் தந்தார். ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினோம். நர்ஸுகளுக்கு டிக்கெட் கிடைத்தது. அந்த அம்மா திட்டுவார் என்று பிஜு பயந்துகொண்டிருந்தான். ‘நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் கற்றேன்’ என்று மட்டும் எழுதியிருந்தார். பிஜுவுடையது மலையாளம் கலந்த தமிழ். அவனுக்கு அக்கா என்றால் சேச்சி, காய்ச்சல் என்றால் பனி, மாத்திரை என்றால் குளிகை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்: “சேச்சி, ரெண்டு பேருக்கும் பனின்னு சொல்லி ஒரே குளிகை கொடுக்கக் கூடாது, அல்லே?”

மாட்டுக் கொட்டகையிலிருந்து

கரமனை அக்ரஹாரத்தில் ஒரு மாமி. பெண்ணுக்கு வெளிநாட்டில் பிரசவம். மாமிக்கு விசா கிடைக்கவில்லை. தினமும் கம்ப்யூட்டரில் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் ஒரே ஆறுதல். அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எழுந்தது. பெண் “அம்மா” என்று வாயெடுப்பாள், திரை இருண்டுவிடும்.

பாதி வைத்தியத்தில், ஃபோரத்தில் உதவிக்கொண்டிருந்தவரிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘மன்னிக்கவும், என் பசு கன்று போடுகிறது. கொட்டகைக்குப் போகிறேன். கம்ப்யூட்டரை அப்படியே விட்டு வையுங்கள், வருவேன்.’ நான் அசந்துபோனேன். அதுவரை இவர்களையெல்லாம் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களாகத்தான் கற்பனை செய்திருந்தேன். எங்கோ ஒரு பண்ணையில், பிரசவ வேதனையில் நிற்கும் பசுவுக்கும் கரமனை மாமிக்கும் நடுவில் ஒரு மனிதர் ஓடிக்கொண்டிருக்கிறார்! சொன்னபடியே வந்தார், கன்று சுகம் என்றார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த வாரமே மாமி தன் பேத்தியின் முகத்தை அதே திரையில் பார்த்தாள். ஆனால், அந்தப் பசு செய்தியை நான் படித்துச் சொன்ன கணத்தில் மாமி பதறிப்போய்ச் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை: “ஏண்டிம்மா, மொதல்ல மாட்டைப் பாத்துக்கச் சொல்லு அவரை, நம்மாத்து கம்ப்யூட்டர் என்ன வாயில்லா ஜீவனா?”

மானிட்டரை அணைத்தவர்

சிவதாணு சார் நாகர்கோவில்காரர். ஸ்ரீவராகம் பக்கம் வீடு. பள்ளியில் சரித்திர ஆசிரியர். கண் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும் சாப்ட்வேர் வந்த பிறகுதான், யார் கையையும் எதிர்பாராமல் பேப்பர் படிக்கவும் பாடக் குறிப்பு எழுதவும் தொடங்கியிருந்தார். வைரஸ் வந்ததும் அந்தக் குரல், குதித்து வருகிற விளம்பரத்தையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தது. ஒரு வரி அசோகர். அடுத்த வரி, ‘வாழ்த்துகள், நீங்கள் பரிசு வென்றுவிட்டீர்கள்!’ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குக் கேட்டது. “பழையபடி யாராவது வாசிச்சுக் காட்டணும்னு ஆயிப்போச்சும்மா” என்றார்.

லாக்கோடு, இவருக்குப் பார்வை இல்லை என்பதையும் எழுதினேன். பதில் போட்டவர் தன்னை மாணவர் என்று சொல்லிக்கொண்டார். அங்கே உதவ வருகிறவர்களுக்குப் பயிற்சி உண்டாம். தேறும் வரை, எழுதுகிற ஒவ்வொரு பதிலையும் ஓர் ஆசிரியர் சரிபார்த்த பிறகே வெளியிட முடியுமாம். அதனால் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். கூடவே ஒரு கேள்வி: ‘இதை நீங்கள் செய்யப்போகிறீர்களா, இல்லை அவரே செய்ய விரும்புகிறாரா?’ எனக்கு அது தோன்றவே இல்லை. வாசித்துச் சொன்னேன். “நானே செய்யட்டுமான்னா கேக்காரு?” என்றார் சார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வழக்கமாக இந்த மாதிரிச் சுத்தத்தை சேஃப் மோடில் செய்வோம். மிக அவசியமானவை மட்டும் ஓடுகிற நிலை அது. அதில் சத்தம் வராது. சத்தம் இல்லையென்றால் சாருக்கு கம்ப்யூட்டரே இல்லை. அதற்காகவே, அந்த மாணவரும் அவருடைய ஆசிரியரும் சேஃப் மோடைத் தொடாமல் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வழிமுறை முழுவதிலும் மௌஸ் என்ற சொல்லே இல்லை. இந்தக் கீயை அழுத்துங்கள். இன்ன வாக்கியம் கேட்கும். கேட்காவிட்டால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன், சாரின் விரல்கள் செய்தன. பக்கத்தில் கிடந்த மௌஸைப் பிடிக்கக் கை பரபரத்தது. இரண்டு கையையும் மடியில் கட்டி வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. காத்திருந்தோம். பரிசும் இல்லை, வாழ்த்தும் இல்லை. குரல் அசோகரைத் தொடங்கி, அசோகரையே வாசித்துக்கொண்டு போனது. விளம்பரச் சத்தம் ஏதும் வராததைக் கவனித்து, சாரின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பதிலின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. அதையும் வாசித்தேன். சார் வைத்திருக்கும் அதே குரல் சாப்ட்வேரைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை தானே செய்து பார்த்துவிட்டுத்தான் இதை அனுப்புவதாக அந்த மாணவர் எழுதியிருந்தார். சார் மேஜை விளிம்பை மெதுவாகத் தடவிக்கொண்டே சொன்னார்: “வழி காட்ட எத்தனையோ பேரு என் கையப் பிடிச்சிருக்காங்கம்மா, கண்ண மூடிக்கிட்டு நடந்து பாத்துட்டு வந்து வழி சொன்னது இவரு ஒருத்தருதான்.”

கம்ப்யூட்டரைக் கெடுக்கிறவனும் முகம் காட்டுவதில்லை, சொஸ்தப்படுத்துகிற அந்தப் புண்ணியவான்களும் முகம் காட்டுவதில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் முகத்தைக் காட்டிக்கொண்டு போய் “ஏன் இவ்வளவு லேட்?” என்று வாங்கிக் கட்டிக்கொள்வது மட்டும் நம்மைப் போன்றவர்களின் தலையெழுத்து.