ஓடாமல் உட்கார்ந்த என் பேத்தி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்த சமயம். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே முறைக்கிறாள். முறைக்கட்டும். என் பேத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் சீக்கிரம் நிறுத்த மாட்டேன்.

பேத்தி பெண் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை. அடுத்து ஓட்டத்தில் தேற வேண்டும். அதுவரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத பெண், ரிசல்ட் வந்த மறுநாளே தார் ரோட்டில் இறங்கிவிட்டாள். காலையில் ஓட்டம், சாயங்காலமும் ஓட்டம். காலில் பழைய ஷூ. அதன் அடிப்பாகம் அவளுடைய தாத்தா மண்டை மாதிரி வழுவழுவென்று இருக்கும். (அவர் இருந்தால் இதற்குச் சிரித்திருப்பார், நல்ல மனுஷன்.)

உடம்பு இளைக்க வேண்டும் என்று களியையும் நிறுத்திவிட்டாள். ராகிக் களி வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை எங்கள் வீட்டில் அப்போதுதான் பார்த்தேன். காலையில் எலுமிச்சைத் தண்ணீர், மத்தியானம் இரண்டு இட்லி, அவ்வளவுதான்.

"களி தின்னுட்டுத்தான் உங்கொப்பன் ஏர் ஓட்டுனான் கண்ணு" என்றேன்.

"அப்பாவுக்கு மாடு இழுத்துச்சு ஆயா. இங்க மாடும் நானே, அப்பனும் நானே" என்று சொல்லிவிட்டு ஓடிப் போனாள். வாய் மட்டும் இளைக்கவில்லை.

கொஞ்ச நாளில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்றாள். நான் சும்மா இருப்பேனா? தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவள் நான். அப்படிப் பிறந்தவர்கள் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர்கள் வேலை முடிந்ததும் நேராக என்னிடம்தான் வருவார்கள். கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் மகள் இதற்காகவே பஸ் மாறி மாறி வருவாள். பிறகு சொந்தப் பேத்தியை விடுவேனா? தினமும் நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டேன். அவளும், "தேவலாம் ஆயா" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள்.

முதலில் ஓடி முடித்த பிறகுதான் வலித்தது. அப்புறம் ஓடும்போதே வலித்தது. கடைசியில் வாசல் கூட்டுவதற்கே நொண்டினாள். ஒருநாள் நீவிக்கொண்டே வந்தபோது, ஓர் இடத்தில் என் கட்டைவிரல் பட்டதும் வீல் என்று கத்தினாள். ஒரு ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும் அந்த இடம். அதற்கு மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை. சுளுக்கு என்றால் வலி இழுத்துக்கொண்டே போகும். இது ஒரே இடத்தில் நின்றது. "இது நம்ம கைக்கு அடங்கற வலி இல்லடா" என்று மகனிடம் சொன்னேன். மறுநாள் எல்லோருமாகத் தருமபுரிக்குப் பஸ் ஏறினோம்.

எலும்பு டாக்டரம்மா சின்ன வயசுதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. என் மகனுக்கு வாயெல்லாம் பல்.

"ஒண்ணுமில்லீங்களே! அப்ப ஓடலாமுங்களா?"

"அவசரப்படாதீங்க. இந்த மாதிரி மயிரிழை விரிசல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாதுங்க" என்றார். பேத்தியின் எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். அதே காசு அகல இடத்தில் அவள் மறுபடி கத்தினாள்.

அப்புறம் விசாரணை. எங்கே ஓடினாய், திடீரென்று எவ்வளவு கூட்டினாய், என்ன ஷூ, என்ன சாப்பாடு என்று கேட்டார். கடைசியாக, "மாசா மாசம் ஒழுங்கா வருதா?" என்றார்.

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். என் மகன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். மருமகள் அவளைப் பார்க்கிறாள், அவள் தரையைப் பார்க்கிறாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

"ஏங்க டாக்டரம்மா, மாசக் கணக்கா ஒரு வெள்ளிக்கிழமை விடாம இவதான் வெளக்கு வெக்கிறா."

அவருக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் பெண்கள் விளக்கைத் தொட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு பேத்தியுடைய வேலை. நடுவில் ஒரு வெள்ளிகூட, "ஆயா, நீ வெய்யி" என்று அவள் சொல்லவே இல்லை. வேலை கிடைக்கச் சாமியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் என்று நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்! (மருமகள் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதெல்லாமா எழுதறது அத்தை?" என்கிறாள். எழுது, நாலு பெண்பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்றேன்.)

"நின்னு போச்சு டாக்டர். ஓடறதுக்குத் தொல்லை இல்லன்னு நானும் விட்டுட்டேன்" என்றாள் பேத்தி, மெதுவாக.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "ஓடும்போது எலும்புல கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஓய்வா இருக்கும்போது அதுவே பூசிக்கும். நீ பூச நேரமும் குடுக்கல, பூசறதுக்குச் சாமானும் குடுக்கல. சாப்பாடு இல்லாமத்தான் உடம்பு அதையும் நிறுத்திருச்சு, எலும்பும் நோஞ்சானாயிருச்சு" என்றார். குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்ததில், அந்த இடத்திலேயே விரிசல் இருந்தது. "இதைப் போட்டு நீவுனது யாரு?" என்று கேட்டார். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஆறு வாரமாவது ஓடக்கூடாது என்றார். ஓட்டத் தேர்வுக்கோ ஒரு மாதம்கூட இல்லை. இதை விட்டால் மறுபடி முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும்.

தேர்வுக்கு முந்தின நாள், அவளோடு சேர்ந்து ஓடுகிற பெண் வீட்டுக்கு வந்தாள். "இறுக்கிக் கட்டிட்டு, வலி மாத்திரை ஒண்ணு போட்டுக்கடி. ஒரே ஓட்டம்தான" என்று மாத்திரையை நீட்டினாள். என் மகனும், "ஒரே நாள்தான கண்ணு" என்றான். பாவம், அவனுக்கும் ஆசை. பேத்தி மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாதி ஓட்டத்துல முழுசா ஒடஞ்சா அப்புறம் எந்த வருசமும் ஓட முடியாதுப்பா. வேல வாங்குனாலும் எந்தக் கால்ல நின்னு பாக்கறது?"

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தாள். எதிர்வீட்டுக்காரி சும்மா போவாளா?

"என்ன போலீஸ்காரம்மா, இன்னிக்கு வூட்லயே ட்யூட்டியா?"

"ஆமாங்கக்கா. எதுத்த வூட்டு மேல ஒரு கண்ணு வெக்கச் சொல்லி உத்தரவு."

நான் சிரித்த சிரிப்பில் பொக்கைவாய் வலித்தது. பேத்தியின் கண் மட்டும் சிவந்திருந்தது. மத்தியானம் தட்டை நீட்டி, "இன்னொரு உருண்டை வெய்யி ஆயா" என்று களி கேட்டாள்.

வலி அடங்கியதும் டாக்டரம்மா சொன்னபடி எங்கள் கிணற்றில் நீந்தினாள். பிறகு நடை. பிறகு புது ஷூ போட்டு, தார் ரோட்டை விட்டு ஏரிக்கரை மண்ணில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம். காலில் லேசாக வலித்தாலும் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஆயா, இன்னிக்கு நீ வெளக்கு வெய்யி."

வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கு நான் ஊற்றிய எண்ணெய்க்கு விளக்கு நான்கு நாள் எரிந்திருக்கும்.

அடுத்த தடவை ஆள் எடுத்தபோது மறுபடி பரீட்சை எழுதி, மறுபடி பாஸ் செய்து, ஓடியும் காட்டிவிட்டாள். இப்போது பயிற்சியில் இருக்கிறாள். கூட இருக்கும் பெண்களில் யாராவது முன்னெலும்பு வலி என்று மறைத்து மறைத்து ஓடினால், இவளே அவர்களை டாக்டரிடம் இழுத்துப் போகிறாளாம். நானும் இப்போது சுளுக்கு என்று வருகிறவர்களை முதலில் ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறேன். வலி ஒரே இடத்தில் நின்றால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதே இல்லை, பஸ்ஸைக் காட்டிவிடுகிறேன்.

அவள் ஓடி ஜெயித்ததை ஊரே கொண்டாடியது. ஆனால் எனக்குள் என்றைக்கும் நிற்கப்போவது, ஓட வேண்டிய நாளில் தெருவே பார்க்க அவள் உட்கார்ந்து அவரைக்காய் உரித்த அந்தக் காலைதான்.