மறுக்கக்கூடாத இலை

ஒஸ்லோவிலிருந்து கிளிமஞ்சாரோவுக்குப் போகிறவர்கள் மலை ஏறத்தான் போவார்கள். எனக்கு நான் இருக்கும் குரோருட்டின் ரயில் நிலையத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வாக்கில் ஒரு கோடை விடுமுறைக்கு நான் அங்கே போனது, முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த தோழியின் கரைச்சல் தாங்காமல். அவள் அந்த மலையடிவாரத்துச் சாக்கா இனத்தவள்.

ஒரு பகல் முழுக்கத் தன் ஊரைச் சுற்றிக் காட்டினாள். வாழைத்தோட்டத்துக்குள் தரைவரை புல் வேய்ந்த பழைய வீடு. உள்ளே ஒரு பக்கம் ஆட்களும் மறுபக்கம் மாடுகளும் இருந்த காலமாம். வாழைப்பழத்தில் காய்ச்சிய கள்ளைச் சுரைக்குடுவையில் தந்தார்கள். புளித்த கூழ் மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தேன். அதுவரை சந்தோசமாகத்தான் இருந்தேன்.

பிறகு நிலவறைக்குக் கூட்டிப்போனாள். அயல் இனத்தவர்கள் மாடு கவர வந்த காலத்தில், குடும்பத்தோடு ஒளிந்திருக்க அவளுடைய முன்னோர் வெட்டிய சுரங்கம் அது. குனிந்து இறங்கினோம். ஈரமண் மணம் மூக்கில் ஏறியதுமே நான் நின்றுவிட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழிவு. அதில் தடியோடு ஒரு காவலாள் இருப்பானாம். வெளியே நிற்பது யாரென்று கேட்பானாம். பதில் சரியில்லாவிட்டால் அடிதானாம். தோழி சிரித்துக்கொண்டே அதில் குந்தி நடித்துக் காட்டினாள். அந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில், எங்கள் வீட்டு வளவில் குண்டுவீச்சுக்கு ஒளிக்க வெட்டிய பங்கரில். எனக்கு அப்போது பதினெட்டு வயது. மேலே பொம்பர் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலோடு குந்தியிருந்தவள் நான். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, "நானும் உள்ளுக்கை வரட்டே?" என்று கேட்டாள்.

"இஞ்சை இடமில்லை. கோயிலடிக்கு ஓடு," என்றேன்.

இடம் இருந்தது. நெருக்கினால் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம். வழிவிட எழும்புகிற அந்த நொடியில் குண்டு விழுந்துவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். பிள்ளைகள் அழுத சத்தத்தில் உள்ளே ஒருவருக்கும் நாங்கள் கதைத்தது கேட்கவில்லை. அவள் கோயிலடிக்குப் போய்ச் சேரவில்லை.

அன்று சந்தைக்குப் போயிருந்த அவளுடைய தாய் பிறகு நோர்வேக்கு வந்து, ஒஸ்லோவுக்குக் கிட்ட திராமனில் மகனோடு இருந்தார். ஒஸ்லோக் கோயிலில் கண்டால் என் கன்னத்தைத் தடவுவார். நான் கூசிப்போய் நிற்பேன்.

மேலே ஏறி வந்தோம். வேலியோரம் நீளமான இலைகளோடு நின்ற ஒரு செடியைத் தோழி காட்டினாள். பிழை செய்தவர் அதன் இலையை முடிந்து கொடுத்து மன்னிப்புக் கேட்டால், மற்றவர் மறுக்கக்கூடாது என்பது சாக்கா வழக்கமாம். எவ்வளவு பெரிய பிழையென்றாலுமா என்று கேட்டேன். எவ்வளவு பெரியதென்றாலும் என்றாள். அவள் அங்காலே திரும்பியதும் ஓர் இலையைப் பிடுங்கினேன். பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் ஒளித்து, கள்ளி மாதிரி ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த சனிக்கிழமை திராமனுக்கு ரயில் ஏறினேன். நான் அன்ரி என்று கூப்பிடும் அந்தத் தாய் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் இலையை முடிந்து அவருடைய மடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். இலையின் வழக்கத்தையும் சொல்லி, "நீங்கள் இதை மறுக்கக்கூடாது, அன்ரி," என்றேன். சொல்லும்போதே நா கூசியது. எங்கோ ஓர் ஊர்ச் சட்டத்தைக் கொண்டுவந்து, பிள்ளையைப் பறிகொடுத்த மனிசியின் வாயைக் கட்டப் பார்த்தேன்.

அவர் இலையைப் பார்க்கவேயில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அப்ப நீதான் பிள்ளை அவளைக் கடைசியாக் கண்டனி," என்றார். "இவ்வளவு காலமும் ஒருத்தரும் கண்டதெண்டு சொல்லேல்லை. முகம் எப்பிடி இருந்தது? அழுதவளே?"

நான் கண்டது அவளுடைய கால்களை மட்டும்தான். முகத்தைப் பார்த்தால் இடமில்லை என்று சொல்ல வாய் வராது என்பதால்தான் நான் நிமிரவில்லை.

"இல்லை அன்ரி. அழேல்லை," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையை எனக்குக் கிட்டவாக இழுத்துப் போட்டார்.

"வேறை?" என்று கேட்டார்.