எழுதி வாங்காத வாக்கு

சாஆ பட்டணத்துக்கு வெளியே, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் பிரேமலாவைத் தெரியாதவர் கிடையாது. மாரியம்மன் கோயில் மகளிர் பிரிவுக்குத் தலைவி. தாமானுக்குப் பின்னால் இரண்டு குளம் வெட்டி கெளுத்தி மீன் வளர்ப்பவள். வாய் கொஞ்சம் நீளம். பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "சாப்ட்டீங்களா?" என்று கேட்கிற ரகம். இவளை ஏமாற்றுவது லேசில்லை என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அவளுக்கும் தன்னைப்பற்றி அதே நினைப்புதான்.

பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ரப்பர் மரங்களைச் சாய்த்துப் பனை நட்டார்கள், வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், லயத்துச் சனம் மூட்டை முடிச்சோடு இந்தத் தாமானின் மலிவு வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. பிரேமலா தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் கிலாங் பஸ் ஏறி குளுவாங்கில் மின்னணுச் சாமான் செய்யும் இடத்தில் வேலை பார்த்தாள். புருஷன் போனான், மாரடைப்பு. பின்னாலேயே அந்தக் கம்பெனியும் கதவை மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போனது. வேறு ஒருத்தியாக இருந்தால் மகனின் சிங்கப்பூர் சம்பளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பாள். இவள் ஓடையோரத்தில் ஒரு சீனத் தௌக்கே முதலாளியின் காலி நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தாள். ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்துக் குளத்துக்குத் திருப்பினாள். மீனைப்பற்றி ஒன்றும் தெரியாமல் ஆரம்பித்தவள், மாமாக் சாப்பாட்டுக் கடைகளும் பாசார் சந்தைக்காரர்களும் தேடி வந்து வாங்கும் அளவுக்கு வளர்ந்தாள். மகன் ஜீவன் ஊருக்கு வரும்போதெல்லாம், "ஏம்மா இந்தச் சேத்துல கெடந்து கஷ்டப்படுற?" என்பான். "இது என் சேறுடா" என்பாள்.

இந்த நிலையில்தான், ஓடைக்கு மேல்பக்கம் ஒரு கிலாங் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. பழைய பிளாஸ்டிக்கைக் கழுவி, உருக்கி, மணியாக்கி விற்கும் தொழிற்சாலை. பிரேமலா அதை எதிர்க்கவில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊரில் வாலிபப் பிள்ளைகள் யாருமே மிஞ்சவில்லை. எல்லாரும் சிங்கப்பூர், இல்லையென்றால் ஜேபி பட்டணம். உள்ளூரில் ஒரு வேலை இருந்தால் ஜீவன் திரும்பி வருவான் என்ற ஆசை அவளுக்கு உண்டு. கிலாங் வரட்டும், ஓடையைக் கெடுக்காமல் வரட்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வந்தவள் ஷாமளா. பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் மகள். காளியம்மா இரவு வேலைக்குப் போன காலத்தில் பிரேமலாவின் வீட்டில் சாப்பிட்டு, அவள் பாயில் தூங்கி வளர்ந்த பிள்ளை. படித்து, ஜேபியில் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கிலாங் கட்டுவதற்கு முன்னால் தண்ணீர், காற்று, சனங்களின் பிழைப்பு எல்லாவற்றுக்கும் என்ன ஆகும் என்று பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. ஓடையில் இறங்கிச் சின்னச் சின்ன போத்தல்களில் தண்ணீர் பிடித்தாள். குளக்கரையில் குந்தி உட்கார்ந்து, மீன் எப்படி வளருது, தண்ணி எப்ப மாத்துவீங்க என்று எல்லாம் விசாரித்தாள். பிரேமலாவுக்கு மனசு பூரித்துப்போயிற்று. பார்த்தவரிடமெல்லாம், "அரசாங்கமே நம்ம பொண்ண அனுப்பி வச்சிருக்கு" என்று சொல்லித் திரிந்தாள். அரசாங்கம் அனுப்பவில்லை. அதை யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

ஊர்க்கூட்டம் ஒன்று வைத்தாக வேண்டும், சனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும் என்றாள் ஷாமளா. "நோட்டீஸ் ஒட்டினா யாரும் வரமாட்டாங்க அத்தை. என்ன செய்யலாம்?"

"ஆடிக் கூழுக்கு வாம்மா. ஊரே அங்கதான் இருக்கும். ஊத்தறதுக்கு முந்தி நீ பேசு" என்று வழிசொன்னது பிரேமலாதான்.

எங்கள் சனங்களுக்கு ஒரு பழக்கம். கோயில் மேடையில் மாலை போட்டு நிறுத்திய எவரையும் எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். அதுவும் கூழ் ஆறிக்கொண்டிருக்கும்போது. ஷாமளாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேலைவாய்ப்பு, வளர்ச்சி, பொறுப்பு என்று அவள் அழகாகப் பேசினாள். பிரேமலா மட்டும் மைக்கை வாங்கிக் கேட்டாள். "அந்தப் பிளாஸ்டிக்கக் கழுவுற தண்ணி எங்க போவும்?"

ஷாமளா கீழே இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு சொட்டு ஓடைக்கு வராது அத்தை. சுத்தம் பண்ணி உள்ளேயே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவாங்க. நான் இருக்கேன்ல?"

கூட்டத்தில் திருச்செல்வம் எழுந்து நின்றார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு பழைய காரை வாங்கி ஏமாந்த நாளிலிருந்து காய்கறிக்காரனிடம்கூட ரசீது கேட்கிறவர் என்று ஊரில் கேலி உண்டு. "இப்ப சொன்னத ஒரு கடுதாசில எழுதி, கம்பெனி முத்திரை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

பிரேமலாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "அண்ணே, யாருகிட்ட எழுதிக் கேக்குறீங்க? நாம தூக்கி வளத்த புள்ளகிட்டயா? அசிங்கமா இல்ல?" சனம் சிரித்தது. பெற்ற பிள்ளையிடம் எழுதி வாங்குகிறவர் உண்டா? எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. திருச்செல்வம் உட்கார்ந்துவிட்டார். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னதும் முதலில் உயர்ந்தது பிரேமலாவின் கை. பிறகு எல்லாரும் தூக்கினார்கள். காளியம்மா அவள் பக்கத்திலேயே நின்று கூழ் ஊற்றினாள்.

கிலாங் எழும்பியது. உள்ளூர்ப் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைத்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சில மாதங்களில் ஓடையில் சோப்பு நுரை மிதந்து வர ஆரம்பித்தது. வெள்ளையாக, பிறகு சாம்பல் நிறமாக. புளித்த எண்ணெய் வாடை வேறு. மழைத்தண்ணீர்தான் கலங்கி வருகிறது என்று பிரேமலா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஷாமளா வாக்குக் கொடுத்திருக்கிறாளே.

கெளுத்தி மீன் லேசில் சாகாது. சேற்றில், சாக்கடையில், தண்ணீர் வற்றிய குட்டையில்கூட உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அந்த மீன் ஒரு காலையில் இரண்டு குளத்திலும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. பிரேமலா கரையில் நின்று பார்த்தாள். அழுகை வரவில்லை. முதலில் வந்தது வெட்கம். ஊர் முழுக்க இதைப் பார்க்கப் போகிறதே என்ற வெட்கம். காளியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கி, அவளோடு சேர்ந்து செத்த மீனை வாளியில் அள்ளினாள்.  பாவம், அக்காவுக்கும் மனசு கேட்கவில்லை என்று பிரேமலா நினைத்துக்கொண்டாள்.

ஷாமளாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. திரும்பவும் போட்டாள். "மீட்டிங்ல இருக்கேன் அத்தை, அப்புறம் கூப்பிடறேன்" என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. கூப்பிடவே இல்லை. பிரேமலா பஸ் ஏறி, ஜேபி லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து அந்த அலுவலகத்துக்கே போய் நின்றாள்.

அலுவலகத்துக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஷாமளா அவளை உட்கார வைத்தாள். மைலோ வாங்கி வந்து முன்னால் வைத்தாள். பிரேமலா அதைத் தொடவில்லை.

"மீனெல்லாம் செத்துப்போச்சும்மா."

"அம்மா சொன்னாங்க." ஷாமளா தலையைத் தூக்கவில்லை. "நான் எழுதினேன் அத்தை. சத்தியமா எழுதினேன். கழுவுற தண்ணிய வெளிய விடவே கூடாதுன்னு. கிலாங்காரங்க செலவு ஜாஸ்தின்னு ஒத்துக்கல. பாஸ் அந்தப் பகுதிய எடுக்கச் சொல்லிட்டாரு."

"அவங்க ஒத்துக்கலன்னா உனக்கென்ன? நீ எங்களுக்காகப் பாக்க வந்தவதான?"

"எங்களுக்குப் பணம் குடுக்குறதே கிலாங்தான் அத்தை."

பிரேமலாவுக்கு இது புதுச் செய்தி. குற்றம் பார்க்க வேண்டியவளுக்கு, பார்க்கப்படுகிறவனே சம்பளம் கொடுக்கிறானா? இது எந்த ஊர் நியாயம்? அதைக்கூட அவள் விழுங்கிக்கொண்டாள். சின்னப் பிள்ளை, மேலே இருப்பவர்கள் அமுக்கியிருப்பார்கள். கூழ் ஊற்றிய அன்றைக்கு அவள் சொன்னது அப்போதைக்கு உண்மைதானே? பிறகுதானே மாற்றியிருப்பார்கள்?

"எப்பம்மா அத எடுத்தாங்க?"

"மே மாசம்."

"மே மாசமா?" பிரேமலா மெதுவாகக் கேட்டாள். "கூழு ஊத்தினது ஆடில. அதுக்கு முந்தியேவா?"

ஷாமளா தலையை மட்டும் ஆட்டினாள். 

"அப்ப என் கைய ஏன் புடிச்ச?"

"நீங்க சரின்னா ஊரே சரின்னுடும்னு பாஸ்கிட்ட நான்தான் சொன்னேன் அத்தை" என்றாள் ஷாமளா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "வேல நிரந்தரமாகாம இருந்துச்சு. என்னை மன்னிச்சுருங்க."

பிரேமலா எழுந்து வந்துவிட்டாள். திட்டவில்லை.  பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். தன்னை நம்பிக் கை தூக்கியவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. தான் வாயை அடைத்து உட்கார வைத்த திருச்செல்வத்தின் முகமும் வந்தது. இதையெல்லாம்விட ஒரு கவலை பெரிதாக இருந்தது. காளியம்மாவிடம் எப்படிச் சொல்வது? அந்த மனுஷிக்கு மகள்தான் உலகம். மனசு உடைந்துபோவாளே. வழி நெடுக நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டே வந்தாள்.

காளியம்மா வேலியோரத்தில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா? புள்ள நல்லா இருக்கா?"

"அக்கா, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும். மனசத் தேத்திக்குங்க. ஷாமா நமக்கு..."

"தெரியும் பிரேமா."

பிரேமலாவுக்கு விளங்கவில்லை. "என்ன தெரியும்?"

"கூழுக்கு முந்தின வாரம் வந்து அழுதுச்சு. அத்தைகிட்ட எப்படிப் பொய் சொல்றது, வேலைய விட்டுடறேன்னுச்சு. நான்தான் வேணாம்னேன்." காளியம்மா இலைகளைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டே பேசினாள். "பிரேமா உங்கிட்ட எழுதியெல்லாம் கேக்க மாட்டா, தைரியமா போயி பேசுன்னு சொன்னேன்."

"எங்கூட வந்து மீன அள்ளினீங்களேக்கா."

"வேற என்ன செய்யச் சொல்ற? நீ அவளுக்கு அத்தை. நான் பெத்தவ இல்லையா?"

மறுநாள் காலையில் பிரேமலா திருச்செல்வத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். இருவரும் புகார் கொடுக்க அரசாங்கச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போனார்கள். ஓடைக்கு ஒன்றும் வராது என்று ஊருக்கு வாக்குக் கொடுத்தது யார் யார் என்று அதிகாரி கேட்டார். பிரேமலா முதலில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு ஷாமளாவின் பெயரைச் சொன்னாள்.

அந்த வாக்கு பொய் என்று முன்னமே தெரிந்தவர்கள் வேறு யாராவது உண்டா என்று அவர் கேட்டார்.

பிரேமலா மேசையைப் பார்த்தபடி, இல்லை என்றாள்.