இரண்டு பெடல் வண்டியில் இடது கால்

எங்கள் வீட்டுக் கார் யாரும் சொல்லாமலே நகர்கிறது. பேய் பிடித்த வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டிகளின் சுபாவமே அதுதானாம். கியர் ராடை ‘டி’ என்ற எழுத்தில் வைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே மெல்ல ஊர்ந்து கேட்டைத் தாண்டப் பார்க்கும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நான் தினமும் காலையில் ஒருமுறை திடுக்கிடுகிறேன். திடுக்கிட எனக்கு உரிமை இல்லை. இரண்டு வருடம் இருந்து பார்த்துவிட்டுத் தூத்துக்குடிக்கே திரும்பிவிடலாம் என்று அந்தமானுக்குக் கப்பலேறியவன் நான். தலை நரைத்த பிறகும் இங்கேயே இருக்கிறேன். நானும் ஏதோ ஒரு பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்கக் கூடாது.

ஓட்டுவது என் மனைவி ரீத்தா. எனக்கு ஓட்ட வராது. வந்த புதிதில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் ஒரு தெலுங்கர். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொன்னார். நான் கிளட்சை விட்ட விதத்தில் வண்டி பின்னாலேயே உருண்டு, புறப்பட்ட இடத்துக்குக் கீழே ஓர் இளநீர்க் கடையில் போய் நின்றது. ‘சாப், ஆப் பைட்னே மே அச்சா ஹை’ என்றார் அவர். உட்காருவதில் நான் கெட்டிக்காரன் என்று அர்த்தம். என் அலுவலகத்தில் இதை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். மெயின்லேண்டுக்குப் போகும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த ஏற்றத்தைப் புரியவைப்பது கஷ்டம். தூத்துக்குடியில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். மற்றபடி உப்பளம் மாதிரி ஊரே சமதரை. இங்கே பால் வாங்கப் போனாலும் ஒரு மேடு, பூசைக்குப் போனாலும் ஒரு மேடு. மேட்டில் நின்ற வண்டி பின்னால் போகாமலும் முன்னால் பாயாமலும், இடது காலால் கிளட்சைப் பாதி மிதித்துப் பாதி விட்டு அந்தரத்தில் பிடித்துவைக்க வேண்டும். ஆஃப் கிளட்ச் என்பார்கள். ரீத்தா அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். அவள் அப்பா படகுக்காரர்; அந்தரத்தில் நிற்பது அவர்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கி, மீன் இறங்கும் துறையிலிருந்து ஓட்டல்களுக்கு ஐஸ் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். டூரிஸ்ட் ஜீப்புக்காரர்கள் தடுமாறும் மேட்டில் அவள் வேனை நிறுத்தி, ஜன்னல் வழியாக விலை பேசிக்கொண்டிருப்பாள். வேன் ஓர் அங்குலம் அசையாது.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. நம் நாட்டுச் சாலை விதிகளைப் படித்துவிட்டு வந்ததுபோல, ஒழுங்காக இடது பக்கமாகவே வந்தது. கிளட்ச் மிதிக்கிற கால் போயிற்று. கியர் போடுகிற கையும் போயிற்று. தடி ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகும் இடது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. தூத்துக்குடியிலிருந்து அவள் அக்கா வாரம் தவறாமல் போன் செய்தாள். ‘எல்லாத்தையும் வித்துட்டு வந்துருங்கட்டி. இங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ரோடும் தரையா கெடக்கு.’ ரீத்தா போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்வாள்: ‘அங்க போனா என்னயக் கட்டில்ல போட்டு, வாரவ போறவல்லாம் பாத்து உச்சுக் கொட்டுவாளுவ. நான் வண்டி ஓட்டணும். ஓட்ட முடியலன்னா சொல்லுங்க, மறுகப்பல்ல போயிருவோம்.’ அப்படித்தான் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஓட்டினால் இங்கே, இல்லையென்றால் ஊர்.

வலது பக்கம் பழுதில்லை, பார்வை சரியாக இருக்கிறது, ஆட்டோமேட்டிக் வண்டியைப் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு பழகிப் பார்க்கலாம் என்று மாதங்கள் கழித்து டாக்டர் சொன்னார். மெயின்லேண்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிப் போகும் ஓர் அதிகாரியிடமிருந்து இந்தக் கார் வந்தது. இரண்டே பெடல்கள், இரண்டுக்கும் வலது கால்தான். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். ஓட்டுகிறவரின் இடது பக்கத்தை இந்த வண்டி ஒரு வேலைக்கும் கூப்பிடாது. இடது காலை வைத்துக்கொள்ள ஓரத்தில் சின்ன மேடை ஒன்று செய்திருக்கிறார்கள். திடமான உடம்புள்ளவர்களின் இடது காலுக்கே இங்கே வேலையில்லை என்று பார்த்தபோது ரீத்தாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நாங்கள் குடியிருக்கும் பாம்பூ ஃப்ளாட்டின் தெருக்களில் ஒரு வாரம் ஓட்டினாள். முகத்தில் பழைய திமிர் திரும்பியது. எதிரே வந்த ஆட்டோக்காரனை ஏசினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிசியோதெரபிக்கு வளைகுடாவின் அந்தப் பக்கம் போக வேண்டும். அந்த ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள், நாங்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றே சொல்கிறோம். வண்டிகளை ஏற்றிக்கொண்டு அக்கரையிலிருக்கும் சாத்தம் துறைக்குப் போகிற ஃபெரியில் முதல்முறையாகக் காரோடு போனோம். தண்ணீர் வற்றிய நேரம். துறையின் சரிவு செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. ஃபெரிக்காரர், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்து ஆள், கையை ஆட்டி ‘ஆனே தோ, ஆனே தோ’ என்று கூப்பிட்டார். ரீத்தா மெல்ல இறக்கினாள். முன்னால் போன ஜீப் திடீரென்று நின்றது. அடுத்த கணம் எங்கள் கார் முகத்தில் அறை வாங்கியதுபோலக் குதித்து நின்றது. என் கண்ணாடி டாஷ்போர்டில் விழுந்தது. பின்னால் வந்த ஸ்கூட்டர் பம்பரை முட்டியது. ஹாரன் சத்தம் துறையை நிறைத்தது.

ஃபெரிக்காரர் ஓடிவந்து ஜன்னலில் குனிந்து சிரித்தார். ‘அரே தீதி! இஸ் மே கிளட்ச் நஹீ ஹை!’ இதில் கிளட்ச் கிடையாது அக்கா என்கிறார். கிளட்ச் வண்டியிலிருந்து மாறுகிற எல்லோரும் செய்கிற தப்புதான் அது. பதற்றத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப் போய், பக்கத்தில் அகலமாக இருக்கிற பிரேக்கை மொத்தமாக மிதித்துவிடும்.

ரீத்தா கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘பாத்தியளா?’

‘பாத்தேன்.’

‘எது மிதிச்சுது?’

‘இடது.’

‘மாதா மேல சத்தியமா?’

பிரேக்கின் மேல் அவள் இடது செருப்பு இருந்தது. மாதக்கணக்கில் கட்டைவிரலைக்கூட அசைக்காத கால். எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி ஃபெரிக்காரரிடம் கத்தினேன்: ‘பாய், இஸ்கா பைர் உட்டா! பைர் உட்டா!’ இவள் கால் எழுந்துவிட்டது என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். ‘ஹான் ஹான், சப்கா உட்தா ஹை. கல் ஏக் டாக்டர் சாப் கா பீ உட்டா.’ எல்லோருக்கும் எழத்தான் செய்யும், நேற்று ஒரு டாக்டருக்கும் எழுந்தது என்று சொல்லி, அழுகிற மனைவியைத் திட்டாதே என்று எனக்குத் தனியாக ஒரு புத்திமதியும் தந்தார். ரீத்தா அழுவதையும் நான் கத்துவதையும் பார்த்து அவர் வேறு என்ன நினைக்க முடியும்?

கடல் நடுவில் அவள் காலிடம் கேட்டுப் பார்த்தாள், அசையவில்லை. அன்று பிசியோதெரபிக்குப் போகாமலே வீட்டுக்குத் திரும்பி, பாக்கு மரத்தடியில் தார்ப்பாயின் கீழ் கிடந்த வேனில் ஏற்றச் சொன்னாள். பாதத்தைத் தூக்கிக் கிளட்சின் மேல் நானே வைத்தேன். எஞ்சின் ஓடவில்லை, வேனுக்குள் மீன் வாடை மட்டும் இருந்தது. அவள் நெற்றியில் வியர்வை ஓடும்வரை முயன்றாள். ‘மிதி, மிதி’ என்று நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு என்னவோ மிதிக்கத் தெரிந்ததுபோல. கிளட்ச் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

பிசியோதெரபி செய்யும் மலையாளிப் பெண் ஜின்சி நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். ‘நெனைக்காம வந்த அசைவு சேச்சி. நல்ல அடையாளம்தான். ஆனா வண்டியில வரக்கூடாது. மெயின் ரோட்டுல வந்தா, பின்னால லாரி இருந்தா?’ அதோடு விஷயம் தெளிவாயிற்று. கால் எழுந்தால் இந்தக் காரை ஓட்ட முடியாது. எழாவிட்டால் வேனை ஓட்ட முடியாது. கூப்பிட்டால் வராத கால், கூப்பிடாதபோது வந்து நிற்கிறது.

இதை நான் கேலி செய்ய முடியாது. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, பிறந்த தெருவிலிருக்கும் கடையில் வாழைப்பழச் சீப்பைத் தூக்கி ‘கித்னா?’ என்று இந்தியில் விலை கேட்டேன். பழக்கத்தில் வாய் தப்பான பெடலை மிதித்துவிட்டது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ‘சாருக்கு எந்த ஊரு?’ என்றார். இங்கேயோ, கவுண்டரில் கோபம் வந்துவிட்டால் சுத்தத் தூத்துக்குடித் தமிழில் கத்துகிறேன். வரிசையில் நிற்கும் வங்காளிகள் ஏதோ மந்திரம் என்று ஒதுங்குகிறார்கள்.

வழியைக் கண்டுபிடித்தது ரீத்தாதான். ‘காலக் கட்டிப் போட்டுருவோம்.’ பழைய சேலையைக் கிழித்து, கணுக்காலைச் சுற்றி, இருக்கைக்குக் கீழே ஓடும் இரும்புத் தண்டோடு கட்ட வேண்டும். அவளுக்கு ஒரு கை. ஆகவே கட்டுவது நான். முதல் நாள் நான் போட்ட முடிச்சைப் பார்த்து, ‘இது முடிச்சா? எங்கப்பா பாத்திருந்தா ஒங்களக் கடல்ல தள்ளியிருப்பாரு’ என்றாள். இழுத்தால் உடனே அவிழ்கிற, இழுக்காதவரை அவிழாத முடிச்சு ஒன்றை வாயாலேயே சொல்லிக்கொடுத்தாள். டாக்டரிடமும் ஜின்சியிடமும் இதை நாங்கள் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அசை அசை என்று அந்தக் காலை ஒரு மணி நேரம் கெஞ்சுகிறோம். அப்புறம் காரில் ஏறியதும், அசையாதே என்று கட்டிவிடுகிறோம். மற்றபடி அவள் ஓட்டுகிறாள். டிக்கியில் இரண்டு ஐஸ் பெட்டிகள் போகின்றன. ஊருக்குப் போகிற பேச்சு நின்றுவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை அவளுக்கு. ஃபெரியில் ஏறியதும் அவிழ்த்துவிட வேண்டும். ‘தண்ணிக்கு மேல கட்டிப் போடாதீய. படகுக்காரன் மக காலக் கட்டிக்கிட்டு முங்குனான்னு பேரு வரக்கூடாது.’ ஆகவே இந்தக் கரையில் கட்டு, நடுவில் அவிழ்ப்பு, அந்தக் கரையில் மறுபடி கட்டு. இன்று காலையும் அப்படித்தான். எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டாள். உப்புக் காற்று வந்தது. வலப்பக்கம் ஹாடோ துறையில் மெயின்லேண்ட் கப்பல் நின்றது. அதற்கு நேற்று வரைக்கும் நான் டிக்கெட் கொடுத்தேன். அவள் கப்பலைப் பார்க்கவில்லை. காரின் தரையில் கிடந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘கரை வருது. கட்டுங்க.’

குனிந்து துணியைச் சுற்றினேன். முடிச்சை இழுக்கும்போது பாதம் என் விரலை மெதுவாகத் தள்ளியதுபோல் இருந்தது. ஃபெரி எஞ்சினின் அதிர்வாகவும் இருக்கலாம். நான் நிமிரவில்லை.

‘என்ன?’

‘ஒண்ணுமில்ல.’

‘நல்லா இறுக்கிக் கட்டுங்க.’

இறுக்கினேன். ஃபெரியின் பலகை சாத்தம் கரையில் இடித்து விழுந்தது. ரீத்தா வண்டியைக் கிளப்பி, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தாள். யாரும் சொல்லாமலே அது நகர்ந்தது.