ஒரு கை பச்சை, ஒரு கை பழுப்பு

வாசகரே, இந்த ஒரு வழக்கில் நீங்கள் எனக்கெதிரான சாட்சியாக இருங்கள்.

எழுபதுகளில் நுவரெலியாவில் நடந்த விவாதப் போட்டி ஒன்றுக்காக, நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அக்கா எனக்கொரு சுவெட்டர் பின்னினாள். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் கழித்துப் போட்ட பழைய சுவெட்டர்களைப் பிரித்து நூலெடுத்தாள். சைக்கிள் கம்பிகளைத் தீட்டி ஊசியாக்கினாள். கொழுந்துக் கறையேறி வெடித்த விரல்களில் நூல் ஓயாமல் சிக்கியது. பச்சை நூல் போதாததால் ஒரு கை மட்டும் பழுப்பாயிற்று.

"கைய ரொம்ப ஆட்டாமப் பேசு தம்பி, ஒருத்தருக்கும் தெரியாது" என்று சிரித்தாள்.

உழைப்பின் மேன்மையே அன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. எதிரணியினர் கடையில் வாங்கிய சுவெட்டர்களோடு அமர்ந்திருந்தார்கள். என்னை அழைத்ததும் என் சுவெட்டரைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு மேடையேறினேன். கைகளை வீசிப் பேசினேன்; வென்றேன். கடைசி வரிசையிலிருந்து அக்கா கைதட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில், என் மடியில் சுருண்டு கிடந்த சுவெட்டரைப் பார்த்து அவள் ஒன்றுதான் கேட்டாள்: "குளிரலையா தம்பி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம், இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட கணவன் வீட்டாரோடு அவளும் புறப்பட்டாள். ஹட்டன் ரயில் நிலையத்துக்கு அந்தச் சுவெட்டரை அணிந்து போயிருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்; அவள் மூட்டைகளை ஏற்றிவிட்டதோடு சரி. ரயில் வளைவில் மறைந்த பிறகுதான் வாய் திறந்தேன். அழுதுகொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, உரக்கச் சொன்னேன்:

"இனி எந்த மேடையானாலும் இதப் போட்டுக்கிட்டுத்தான் ஏறுவேன். எங்க அக்கா பின்னுனதுன்னு சொல்லிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன்."